சுண்ணாம்பு தடவாத கலயம்

கண்ணு,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. பதிலைக் காணோமே, அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம், எழுத வேண்டியதை விட்டுவிட்டு, மழை இல்லை, எருமை கன்று போட்டிருக்கிறது என்று எதையோ எழுதி, நானே படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டேன். நாலு தாள் கிழிந்தது. இன்றைக்குக் கிழிக்கப் போவதில்லை. நீளமான கடிதம் இது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. பசியோடு படித்தால் உனக்குக் கோபம் இரண்டு பங்காக வரும். அதில் நீ உன் அப்பாவை உரித்து வைத்தவன். நேரில் சொல்லலாமே என்றால், எனக்கு வராது. உன்னைப் பார்த்தால் "சாப்பிட்டாயா" என்று கேட்பேன், அதோடு வாயடைத்துப் போய்விடும். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த புண்ணியத்தில் எனக்கு எட்டாவது வரை எழுத்து வாய்த்தது. அதை இன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்படுத்தப் போகிறேன்.

நீ எழுதியிருந்ததை இப்போது பார்க்காமலே சொல்வேன், அத்தனை தடவை படித்தாயிற்று. சென்னையில் ஜெர்மன்காரர் ஆபீசில் விசாவுக்குக் கொடுத்த படிவத்தில், எந்தக் கோர்ட்டிலாவது உன்னைக் குற்றவாளி என்று தீர்த்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். அங்கே உன்னோடு தங்கியிருக்கும் மேஸ்திரி, "இல்லை" என்று எழுதிவிடு, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் ரிப்போர்ட் சுத்தமாகத்தானே வந்தது என்கிறார். அது எப்படிச் சுத்தமாக வந்தது என்று உனக்கே விளங்கவில்லை. வருகிற வியாழக்கிழமை காலை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் விசா கிடைக்காவிட்டால் கம்பெனி உனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பிவிடும். இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் "மற்றபடி நலம்" என்று முடித்திருந்தாய். வீடு தீப்பிடித்து எரிந்தாலும் நீ அப்படித்தான் எழுதுவாய். என்ன எழுதட்டும் என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் என்னடா வித்தியாசம் என்று நான் கேட்டபோது, ஒன்று நம் சர்க்கார் போகலாம் என்று சொல்வது, மற்றது அந்த ஊர்ச் சர்க்கார் வரலாம் என்று சொல்வது என்று விளக்கினாய். நம் வீட்டில் அனுப்பினால் போதுமா, அவர்கள் வீட்டிலும் கூப்பிட வேண்டாமா என்று நான் சிரித்தேன். அப்போது எனக்கு அதன் கனம் தெரியவில்லை. பீளமேட்டுப் பட்டறையில் வார்ப்பு மண் சலிக்கிற வேலையில் சேர்ந்தவன் நீ. இன்றைக்குப் பம்பு பரிசோதிக்கிற பிரிவு முழுவதும் உன் பொறுப்பில். அத்தனை பேரில் உன்னை எடுத்து, இரண்டு வருஷம் ஜெர்மனியில் படித்துவிட்டு வா என்கிறார்கள். அதை ஒரு கேள்வி மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். இரண்டாவது உனக்குத் தெரியவே தெரியாது.

முதலாவதிலிருந்து வருகிறேன். சரசுவைப் பெண் பார்க்க வந்த நாள். உனக்குப் பத்தொன்பது, உன் தங்கைக்குப் பதினேழு. மாப்பிள்ளை வீடு துடியலூர்ப் பக்கம், தோட்டம் துரவு உள்ளவர்கள், எதிர்பாராமல் வந்த நல்ல இடம். வருகிறவர்களுக்குக் காப்பி எல்லா வீட்டிலும்தான் கொடுப்பார்கள். நம் வேலியோரப் பனைத் தெளுவுக்கு அன்னூர் வரை பேர் உண்டு. சென்னையில் அதைப் பதநீர் என்பார்கள், உன் மேஸ்திரியிடம் கேட்டுப் பார். மதுவிலக்கு வந்த பிறகு, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்ட வேண்டும் என்று சட்டம். சுண்ணாம்பு இருந்தால் தெளுவு புளிக்காது. இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறக் கள்ளாகிவிடும். ஆனால் சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் நாக்கில் காறும். அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண வீட்டில், என் நாத்தனார் நாலு பேர் நடுவில் வைத்து, "உங்கூட்டுத் தெளுவா? சுண்ணாம்பு நாத்தம் கொடலப் பொரட்டுதுங்கண்ணி" என்று சொல்லிவிட்டாள். அது எனக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. சம்பந்தி வீட்டார் வாயில் அந்தச் சொல் வரக் கூடாது. இவ்வளவுதான் காரணம். எவ்வளவு சின்னக் காரணம் என்று இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மரம் ஏறும் காளியப்பனைக் கூப்பிட்டு, ஒரே ஒரு கலயத்தைச் சுண்ணாம்பு இல்லாமல் கட்டச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "வேண்டாமுங்க அம்மணி. போலீசு இப்பெல்லாம் கலயத்துக்குள்ள வெரல உட்டுப் பாக்கறானுங்க."

"ஒரு கலயத்துக்கு என்ன வந்துருச்சு காளியப்பா? விடியால எறக்கிக் குடுத்துரு. பத்து மணிக்குள்ள குடிச்சுப்போட்டுப் போயிருவாங்க."

அவர்கள் பத்து மணிக்கு வரவில்லை. வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தலையைக் காட்டியிருக்கிறார்கள். நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா, ஒரு வாய் சாப்பிடாமல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நீ அடுக்களைக்கு வந்து கலயத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நொரைக்குது. கொட்டிப்போடட்டுமா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இப்ப வந்துருவாங்க, மூடி வை." எனக்கும் வாசம் வந்தது, கண்ணு. தெரியாமல் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் சொன்னேன். கொட்ட மனசு வரவில்லை.

அவர்களுக்கு முன்னால் மதுவிலக்குப் போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள். மரத்து மேலே இருந்த கலயம் எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் கேட்டு அடுக்களைப் பக்கம் வந்தவர் மூக்கைச் சுளித்தார். கலயத்தின் மூடியை எடுத்தார். "யாரு வெச்சது இது?" என்றார். காளியப்பன் என்னைப் பார்த்தான். உன் அப்பா வாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார், அவருக்கு விஷயமே தெரியாது. நான் கதவின் நிலவுகாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து "நான்தான்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் நீ முன்னால் வந்து, "நான்தானுங்க. காளியப்பனுக்குத் தெரியாம நான்தானுங்க கலயத்த மாத்திக் கட்டினேன்" என்றாய். பெண் பார்க்க வருகிற வீட்டில் பெண்ணின் அம்மாவைப் போலீஸ் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்று நீ கணக்குப் போட்டுவிட்டாய். நானும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

சாட்சிப் பொருளை நீயே சுமந்து வா என்று கலயத்தை உன் தலையில் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் வேலி அடைத்த அந்த இட்டேரியில் நீ நடந்து போகும்போது, எதிரே மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்தது. இதுவரைதான் உனக்குத் தெரியும். வீட்டுக்குள் நடந்தது தெரியாது. அந்த அம்மாள் வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "ஏனுங்க, வழியில ஒரு பையன் கலயத்தச் செமந்துட்டுப் போலீசோட போறானே, யாருங்க அது?" என்பதுதான்.

"யாரோ தோட்டத்தாளுங்க. நமக்கென்னங்க" என்றேன். குரல்கூடத் தடுமாறவில்லை. "உங்க பையன எங்கீங்க காணோம்?" என்று அடுத்து கேட்டார்கள். கோயமுத்தூருக்கு வேலை விஷயமாகப் போயிருக்கிறான் என்றேன். பிறகு எல்லோரும் காப்பி குடித்தார்கள். தெளுவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேஸ் விசாரணைக்கு வந்த நாளும், சரசுவுக்கு உப்புச் சர்க்கரை மாற்ற நாங்கள் குறித்திருந்த நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. நிச்சயத்தை ஒரு வாரம் தள்ளியிருக்கலாம். தள்ளினால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். முந்தின நாள், உன் கேஸைப் பார்த்த வக்கீலின் குமாஸ்தா காளியப்பனிடம் சொல்லி அனுப்பியிருந்தார், பெற்றவர்களில் ஒருத்தராவது கோர்ட்டுக் கச்சேரிக்கு வந்தால் நல்லது என்று. உன் அப்பா விடிவதற்குள் சட்டையைப் போட்டுக் குடையையும் எடுத்துக்கொண்டார். நான்தான் வாசலில் மறித்தேன். "பொண்ணோட அப்பன் இல்லாம உப்புச் சர்க்கரை மாத்துவாங்களா? அபராதம்னு ஏதோ போடுவாங்க, குமாஸ்தா கட்டிப்போட்டுக் கூட்டிட்டு வந்துருவாரு. ஆள் போய் என்ன ஆகப் போகுது?" என்றேன். அவர் குடையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு மத்தியானம் ஒரு தட்டில் உப்பும் ஒரு தட்டில் சர்க்கரையும் வைத்துச் சம்பந்திகளும் நாங்களும் மாற்றிக்கொண்டோம். சாயங்காலம், கச்சேரிக்குப் போயிருந்த காளியப்பன் தனியாக வந்தான். நான் கொடுத்துவிட்ட தூக்குப்போசியில் தயிர்ச்சோறு அப்படியே இருந்தது. மூன்று வாரம் ஜெயில் என்றான்.

மூன்று வாரம் கழித்து வெளியே வந்த நீ வீட்டுக்கு வரவில்லை. நான் வர விடவில்லை என்பதுதான் சரி. கல்யாணம் நெருங்குகிறது, உன்னைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள், ஒரு வருஷம் போகட்டும், அதற்குள் மீசை வளர்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். நீ பீளமேட்டில் வேலையில் சேர்ந்துகொண்டு மீசையும் வளர்த்தாய். இன்றுவரை எடுக்கவில்லை. பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளையோடு கைகோத்து உட்கார வேண்டிய கைகோர்வைச் சீருக்கு, என் அக்கா மகனை உட்கார வைத்தேன். உன் அப்பா அன்றைக்குப் பந்தியில் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரைக்கும், பஸ் அந்தக் கச்சேரிக் கட்டடத்தைத் தாண்டும்போது அவர் தலையைக் குனிந்துகொள்வார். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லிச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

இரண்டாவதுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் நாலு தாள் கிழிந்தது. போன வருஷம் நீ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்ட பிறகு, விசாரிக்க ஒரு போலீஸ்காரர் நம் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, புதிதாக மாற்றலாகி வந்தவர். முறுக்கும் காப்பியும் கொடுத்தேன். மரியாதையான பிள்ளை. எழுதி முடித்துவிட்டுக் கடைசியில், "கேக்கோணுமேன்னு கேக்கறனுங்க அம்மா. பையன் மேல கேஸ் கீஸ் ஏதாச்சும் இருந்துதுங்களா?" என்றார்.

"எம் பையன் ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நெனைக்க மாட்டானுங்க. அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க."

அவர் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஸ்டேஷன் புஸ்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும், புரட்டவில்லை போல. ரிப்போர்ட் சுத்தமாக வந்தது இப்படித்தான். உனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்து, அன்றைக்கு மாரியம்மனுக்கு ஒரு தேங்காய்கூட உடைத்தேன். இப்போது பார், நீ ஆம் என்று எழுதினால் போலீஸ் ரிப்போர்ட் பொய் என்றாகும், இல்லை என்று எழுதினால் நீ பொய்யன் என்றாகும். நீ ஒரு வழியும் இல்லாமல் நிற்கிறாய். பெற்ற தாய் இரண்டு பக்கமும் வேலி அடைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாளே பஸ் ஏறித் துடியலூர் போனேன். கோர்ட்டில் பழைய தீர்ப்பின் நகல் வாங்க முடியுமா என்று கேட்க எனக்கு மாப்பிள்ளையை விட்டால் ஆள் இல்லை. கேட்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சரசுவை உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க அத்தை" என்றார்.

எப்படி என்று கேட்டேன். "வண்டியில முன்னால ஒக்காந்து வந்தது நான்தானுங்களே. கலயத்தோட ஒதுங்கி நின்னு எங்களுக்கு வழி உட்டவன் மொகமும், காப்பி கொண்டாந்து வெச்ச சரசு மொகமும் ஒரே அச்சுங்க. நீங்க தோட்டத்தாளுன்னீங்க. சரி, சொல்றதுக்கு மனசு வல்லையாட்ட இருக்குதுன்னு உட்டுப்போட்டேன். அப்பறம் மீசையோட வந்து நின்னாரு. மீசை வெச்சா மொகம் மாறிருமுங்களா?"

"தெரிஞ்சும் ஏனுங்க மாப்பளை கட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "பொண்ணு புடிச்சிருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் எதை மறைக்க உன்னைப் பலி கொடுத்தேனோ, அது முதல் நாளே தெரிந்த விஷயம். யாரும் யாரையும் சங்கடப்படுத்திவிடக் கூடாது என்று, பன்னிரண்டு வருஷம் எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு விருந்து சாப்பிட்டிருக்கிறோம். நம் ஊர் மரியாதையை நான் பெருமையாகப் பேசுவேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு அதை நினைத்து எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சரசு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். நீ கைகோர்வைக்கு வராததை மனசில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்குத் தன்மேல் பாசமில்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாளாம். "அண்ணனக் குடுத்துத்தான் என்னயக் கட்டிக் குடுத்தியா?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. நியாயம்தான்.

போன சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மாப்பிள்ளை கூட வந்தார். இன்ஸ்பெக்டர் எதிரில் நின்று, விசாரணைக்கு வந்தவரிடம் நான் பொய் சொன்னேன், என் மகன் பேரில் கேஸ் உண்டு, தண்டனையும் உண்டு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன மாசம் கழிச்சு வந்து சொல்றீங்களேம்மா. நான் மேல எழுதியே ஆவோணும். பாஸ்போர்ட்டயே திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க, தெரியுமுங்களா?" என்றார். தெரியும் என்றேன். பொய் சொன்னேன் கண்ணு, எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நான் செய்தது சரியா, அல்லது மூன்றாவது தடவையாக உன்னைக் கெடுத்துவிட்டேனா என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போலீஸ்காரரோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

ஆனாலும் சொல்கிறேன். ஆம் என்று எழுது. இல்லை என்று எழுதி விசா வாங்கினால், இரண்டு வருஷமும் அந்த ஊரில் கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் நீ திடுக்கிடுவாய். நான் இங்கே பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். பனைமரத்தையும், கலயத்தையும், சுண்ணாம்பையும் அந்த ஜெர்மன்காரருக்கு எப்படி விளக்குவாயோ தெரியாது. விளக்கு. பழசைச் சொல்லும்போது என்னைக் காப்பாற்றிச் சொல்லாதே. கட்டச் சொன்னது அம்மா, மூடி வைக்கச் சொன்னது அம்மா என்று இருக்கிறபடியே சொல். சுத்தமான ரிப்போர்ட் வந்ததற்கும் அம்மாதான் காரணம் என்று சொல். அப்புறம், சொல்ல மறந்துவிட்டேன், ஏதாவது நினைத்துக்கொண்டு மீசையை எடுத்துவிடாதே. பாஸ்போர்ட் படத்தில் அது இருக்கிறது.

இன்று காலை தீர்ப்பின் நகல் கைக்கு வந்தது. வாங்கிக் கொடுத்தது அதே வக்கீல் குமாஸ்தா. தலை முழுக்க நரைத்துவிட்டது, என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால், கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்று எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். எதிரிக்கு, அதாவது உனக்கு, வயது பத்தொன்பது, இதற்கு முன் எந்தக் குற்றமும் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்று இருந்தது. அதற்குக் கீழே, தாய் தகப்பனில் ஒருவர் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால், தண்டனை இல்லாமல் எச்சரித்து அனுப்பிவிடக் கோர்ட்டு நினைத்தது என்று இருந்தது. குமாஸ்தா அந்த இடத்தில் நிறுத்தி, "ஒரு கையெழுத்துங்கம்மா. யாராச்சும் வந்திருந்தா அந்தப் பையன் ஜெயிலுக்கே போயிருக்க மாட்டான்" என்றார். அந்த யாராச்சும் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கும் கீழே இரண்டு வரி இருந்தது. அதை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பெற்றோரைக் கூட்டி வரச் சாயங்காலம்வரை அவகாசம் கொடுப்பதாக மாஜிஸ்திரேட் சொல்லியிருக்கிறார். "இன்று வீட்டில் தங்கைக்கு நிச்சயம் நடப்பதால், அவர்களைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டாம் என்று எதிரி கேட்டுக்கொள்கிறான்." அப்படித்தான் எழுதியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் நீ இதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். கோபத்தில் ஒரு தடவையாவது என் முகத்தில் வீசியிருக்கலாம். நீ வீச மாட்டாய். மற்றபடி நலம் என்று எழுதுவாய்.

அந்த வேப்பமரத்தடியிலேயே தீர்மானம் செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை இன்றைக்கே எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன், புதன்கிழமைக்குள் உன் கையில் இருக்கும். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை என்னை ரயில் ஏற்றி விடுகிறார். சரசுவும் வருகிறேன் என்கிறாள். என்னோடு பேசாமலே மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை காலை அந்த ஆபீஸ் வாசலில், தீர்ப்பு நகலும் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியும் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. என்னை உள்ளே விடுவார்களா என்றும் தெரியாது. விசா கொடுக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்லிவிடலாம், அதற்கும் பயந்துகொண்டுதான் வருகிறேன். தாய் தகப்பன் யாராவது வந்திருக்கிறார்களா என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. கேட்காவிட்டாலும் ஒருத்தி வந்திருப்பாள்.

வேண்டாம், வரவேண்டாம் என்று தந்தி கொடுத்துவிடாதே. ஒரு தடவை வராமல் வீட்டில் உட்கார்ந்தது போதும். தூக்குப்போசியில் தயிர்ச்சோறு கொண்டுவருகிறேன், இந்தத் தடவை சாப்பிடு.

நான் வாரேன், கண்ணு.

அம்மா